உங்கள் பிரேக் பேடுக்குள் சிவகங்கை மண் இருக்கலாம், தெரியுமா?

ஓடுகிற காரை நிறுத்தும் சரக்குகளில் ஒன்று சிவகங்கைப் பக்கத்து மண்ணுக்கு அடியில் கிடக்கிறது, தெரியுமா? காரைக்குடியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான்! புதுப்பட்டி, குமாரிப்பட்டி, செந்தி உடையநாதபுரம் என்று வரிசையாக ஊர்கள். அங்கே தமிழக அரசின் கனிம நிறுவனமான டாமின் தோண்டி எடுப்பது கிராஃபைட். பென்சிலுக்குள் கறுப்பாக இருக்கிறதே, அதேதான். மண்ணிலிருந்து வரும்போது சராசரியாக 14 சதவீதம்தான் கார்பன். அதை அரைத்து, தண்ணீரில் கலக்கி, நுரை கிளப்பி, நுரையோடு மிதந்து வரும் கிராஃபைட்டை மட்டும் வழித்தெடுத்தால் 96 சதவீதம் வரை சுத்தமாகிவிடுகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கிராஃபைட் வழுக்குகிற பொருள்! துருப்பிடித்த பூட்டு அடம்பிடித்தால் பென்சில் கரியைச் சுரண்டிச் சாவித் துளைக்குள் போடுவார்களே, அந்த வேலைக்கு உதவுவது. அதைப் போய் எதற்குப் பிரேக்கில் போடுகிறார்கள்? வெறும் பிடிப்பு மட்டும் இருந்தால் பேட், டிஸ்க்கைக் கவ்வும், விடும், மறுபடி கவ்வும். கார் குலுங்கும். காரைக்குடிக் கழனிவாசலில் பிரேக் போட்டால் கொப்புடையம்மன் கோவில் வரைக்கும் கேட்கும். கிராஃபைட் மெல்லிய படலமாகப் படிந்து அந்தக் கவ்வலைச் சீராக்குகிறது. சூடு ஏறினாலும் உருகி ஓடாது. உங்கள் பேடில் இருப்பது சிவகங்கைச் சரக்கா சீனச் சரக்கா என்று எந்த அட்டைப்பெட்டியிலும் அச்சிட மாட்டார்கள். ஆனால் கிராஃபைட்டே இல்லாத பேட் கிடைப்பது அரிது.

அது மட்டுமா! பேட் உரசுகிற டிஸ்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது சாம்பல் நிற வார்ப்பிரும்பு. அதன் உள்ளேயும் செதில் செதிலாகக் கிராஃபைட்! அந்தச் செதில்கள்தான் சூட்டை விறுவிறுவென்று கடத்துகின்றன, அதிர்வையும் விழுங்குகின்றன. ஆக, பிரேக்கை மிதிக்கும்போது உரசலின் இரண்டு பக்கமும் கிராஃபைட்.

சரி, முந்திரிக்கு வருவோம். ஆம், முந்திரி! புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகிறவர்கள் ஆதனக்கோட்டையில் வண்டியை ஓரங்கட்டி வறுத்த முந்திரி வாங்காமல் போவதில்லை. பருப்பு நமக்கு. ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய்? கையில் பட்டால் தோலே வெந்து உரிந்துவிடும், முந்திரி உடைக்கும் பெண்களைக் கேட்டால் உள்ளங்கையைக் காட்டுவார்கள். அந்தப் பொல்லாத எண்ணெயைக் கெட்டிப்படுத்திப் பொடியாக்கி உலகமெங்கும் பிரேக் பேடில் சேர்க்கிறார்கள், தெரியுமா? அந்தப் பொடி இருந்தால் பேட் கொஞ்சம் மிருதுவாக இருக்கும், சத்தம் குறையும். வடக்கே முந்திரி, தெற்கே கிராஃபைட், நடுவில் காரைக்குடி!

இன்னும் கேளுங்கள். ஒரு பேடில் சாதாரணமாகப் பத்திலிருந்து இருபத்தைந்து வகைச் சரக்கு வரை இருக்கும். இரும்பு நார், ரப்பர் பொடி, கனமான பேரைட் கல்லின் தூள். அந்தப் பேரைட்டுக்குப் பேர்போன இடம் ஆந்திராவின் கடப்பைப் பக்கத்து மங்கம்பேட்டை, உலகத்தின் மாபெரும் படிவங்களில் ஒன்று. சில பேடுகளில் ஆன்டிமனி சல்ஃபைடு உண்டு. நாட்டு மருந்துக் கடையில் அஞ்சனக்கல் என்று கேட்டால் தருவார்களே, கண்ணுக்கு மை தீட்டிய கல், அதுவேதான். இத்தனையையும் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது ஃபீனாலிக் பிசின். 1907-ல் லியோ பேக்லாண்ட் உருவாக்கிய பேக்கலைட்டின் வாரிசு. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் தேக்குப் பலகைமேல் கறுப்பாக, உருண்டையாக, டக்கென்று சத்தம் போடும் பழைய சுவிட்சுகளைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தப் பேக்கலைட்! முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இன்றும் அவற்றுக்கு விலை உண்டு. அவற்றின் சொந்தக்காரச் சரக்கு உங்கள் காரின் சக்கரத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இவ்வளவு சரக்கு எதற்கு என்றால், சூடு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் கிலோ கார், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம். வினாடிக்கு 25 மீட்டர். அதன் இயக்க ஆற்றல் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரைச் செட்டிநாட்டு வெயிலின் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகவே போதும். அதாவது திருமயம் சாலையில் மாடு குறுக்கே வந்து ஒரே மிதியில் நிறுத்தினீர்கள் என்றால், ஒரு சொம்புத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு நான்கு வினாடியில் அந்தப் பேடிலும் டிஸ்க்கிலும் இறங்குகிறது! நான்கு வினாடியில் அவ்வளவு ஆற்றலை விழுங்குவது என்றால் சராசரியாக 100 குதிரைத்திறனுக்கு மேல். சின்னக் காரின் எஞ்சினோ 70, 80, மிஞ்சினால் 90. காரிலேயே பலசாலி எஞ்சின் என்று நினைத்தீர்களா? இல்லை, பிரேக்!

அந்தச் சுமையில் பெரும்பங்கு முன் சக்கரங்களுக்கு. மிதித்த வேகத்தில் காரின் எடை முன்னால் சாய்கிறது, பின்பக்கம் லேசாகிறது. அதனால்தான் நம் ஊர்ச் சின்னக் கார்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பேட் மாற்றுவது என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் முன் சக்கர வேலைதான். நான்கு பேட், ஒரு செட்.

காலால் லேசாக மிதிக்கிறோம், ஒரு டன் கார் எப்படி நிற்கிறது என்று யோசித்ததுண்டா? பத்துக் கிலோ அழுத்தம் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். பெடல் ஒரு நெம்புகோல், அது நான்கு மடங்காக்கும். பூஸ்டர் அதைப் போல நான்கு மடங்கு. பிறகு பாஸ்கல் வருகிறார்: சின்ன உருளையில் அழுத்தினால் பெரிய உருளையில் பரப்பளவுக்கு ஏற்பப் பெருகும், அங்கே ஆறு மடங்கு. பெருக்கிப் பாருங்கள், 960 கிலோ! பிரேக் ஆயில் போகும் குழாய் சுண்டுவிரலை விட மெல்லிசு.

இதை விட எனக்குப் பிடித்த அதிசயம் ஒன்று உண்டு. காலை எடுத்ததும் பேட் டிஸ்க்கை விட்டு விலக வேண்டுமே, எது அதை இழுக்கிறது? ஸ்பிரிங் என்பீர்கள். பிஸ்டனை இழுக்க அங்கே ஸ்பிரிங்கே கிடையாது! பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். மிதிக்கும்போது பிஸ்டன் முன்னே போக, வளையம் அதோடு கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. காலை எடுத்ததும் முறுக்கு விடுபட்டுப் பிஸ்டனை மில்லிமீட்டரில் ஒரு துளி பின்னே இழுக்கிறது. அவ்வளவே. பேட் தேயத் தேயப் பிஸ்டன் வளையத்தின் மேல் வழுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்கிறது. யார் யோசித்தார்களோ, கும்பிடலாம்.

உலகத்தின் முதல் பிரேக் லைனிங்கை அடித்தது ஒரு செருப்புத் தைப்பவர், தெரியுமா? 1888 ஆகஸ்ட். ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மாள், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல் அவர் செய்த காரில் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம், நூறு கிலோமீட்டருக்கு மேல். காரைக்குடியிலிருந்து திருச்சி போய்ச் சேர்ந்து இன்னும் கொஞ்சம் போகிற தூரம். வழியில் மரக்கட்டைப் பிரேக் தேய்ந்துபோனது. வழியிலிருந்த ஊரில் செருப்புத் தைப்பவரைப் பிடித்துக் கட்டையின் மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். தேய்ந்தால் கட்டையை மாற்ற வேண்டாம், மேல் தோலை மட்டும் மாற்றினால் போதும்! இன்று கடையில் பேட் வாங்கி மாட்டுகிற ஒவ்வொருவரும் அந்த அம்மாள் காட்டிய வழியில்தான் போகிறோம்.

இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897 வாக்கில் குதிரை வண்டிக்காரர்களைக் கவனித்தார். இறக்கத்தில் பழைய பூட்ஸைச் சக்கரத்தோடு அழுத்திக் கட்டி வேகத்தைக் குறைத்தார்கள். அதிலிருந்து கிளம்பியதுதான் ஃபெரோடோ நிறுவனம். 1902-ல் ஃப்ரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்கே காப்புரிமை வாங்கிவிட்டார், செம்பு வைத்து. போட்ட அலறலில் யாரும் பக்கம் நெருங்கவில்லை! அரை நூற்றாண்டு அது கிடப்பில் கிடந்தது. 1953-ல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் மாட்டிய ஜாகுவார் ஜெயித்தது, அந்தப் பந்தய வரலாற்றில் முதன்முறையாகச் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது. வேகமாக நிற்க முடிந்தவனே வேகமாக ஓட முடியும் என்பது அன்று எல்லாருக்கும் புரிந்தது.

நம் பக்கம்? 1911-ல் மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய நிறுவனத்தின் கிளைதான் 1962-ல் சென்னை பாடியில் வந்த பிரேக்ஸ் இந்தியா. 1964-ல் ரானே பிரேக் லைனிங். 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், அதுவும் பாடியில். உலகத்துக்கே லைனிங் அனுப்பும் ஊர் சென்னை! நாம் பாடி மேம்பாலத்தில் ஹாரன் அடித்தபடி அதைக் கடந்து போகிறோம்.

கார் பிரேக்கைவிடப் பெரிய பிரேக் ஒன்று திருவாரூரில் இருக்கிறது. ஆழித்தேர்! அலங்காரத்தோடு 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. கார் ஆயிரம் கிலோ என்றோமே, முந்நூறு கார். அந்தத் தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தியிருக்கிறது, தெரியுமா? அதற்காக முட்டுக்கட்டைக்காரர்களை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. சக்கரத்தோடு கூடவே ஓடி, சரியான நொடியில் சரியான கோணத்தில் கட்டையைச் சொருகுவது தனி வித்தை. பிள்ளையார்பட்டியில் சதுர்த்தித் தேருக்குப் போகிறவர்கள் அடுத்த முறை சாமியைப் பார்த்த கையோடு சக்கரத்தின் பக்கமும் ஒரு பார்வை பாருங்கள்.

இனி கடைக்குப் போவோம். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் காரின் பேரைச் சொன்னதும் முதல் கேள்வி, "கம்பெனி பேட் வேணுமாண்ணே, வெளி பேட் போதுமா?" கார் கம்பெனி பெட்டியில் வருவதற்கு ஒரு விலை, வெளிக் கம்பெனி பேடுக்கு வேறு விலை. வெளி பேட் என்றாலே மட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு! கார் கம்பெனிகள் பேட் செய்வதில்லை, பிரேக் கம்பெனிகளிடம் வாங்குகின்றன. அதே பிரேக் கம்பெனி தன் சொந்தப் பெட்டியிலும் கடைக்கு அனுப்புகிறது. பயப்பட வேண்டியது பேர் ஊர் தெரியாத போலிக்கு. அட்டைப்பெட்டியில் அச்சு மங்கி, எழுத்துப் பிழையோடு, பேடில் ஒரு எண்கூட இல்லாமல் வந்தால் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பேடின் ஓரத்தில் ரகசியக் குறி ஒன்று உண்டு, தெரியுமா? எண்களுக்கு நடுவில் இரண்டு ஆங்கில எழுத்து. எஃப்எஃப், ஜிஜி, ஜிஎஃப் என்று இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பது. இரண்டாவது, கொதிக்கும் சூட்டில் எவ்வளவு என்பது. இ என்றால் 0.25 முதல் 0.35. எஃப் என்றால் 0.35 முதல் 0.45. ஜி என்றால் 0.55 வரை. 0.4 என்றால் என்ன? நூறு கிலோ விசையில் பேடை அழுத்தினால் நாற்பது கிலோ விசையில் டிஸ்க்கை இழுத்துப் பிடிக்கும். இரண்டாவது எழுத்து முதலாவதை விட இறங்கியிருந்தால், சூட்டில் பிடிப்பு குறையும் என்று அந்தப் பேடே வாக்குமூலம் கொடுக்கிறது! காரைக்குடி சமதரையில் ஓட்டுகிறவருக்கு அது பெரிதாகத் தெரியாது. கொடைக்கானல் இறங்குகிறவருக்கும், எழுபது கொண்டையூசி வளைவுள்ள கொல்லிமலை போகிறவருக்கும் தெரியும். ஜி தான் உசத்தி என்று கேட்டு வாங்கவும் வேண்டாம். உங்கள் காருக்கு எது என்று வடிவமைத்தார்களோ அதுவே சரி. ஐரோப்பாவில் ஆர்90 என்ற விதி இதைத்தான் சொல்கிறது: வெளி பேடின் பிடிப்பு அசல் பேடிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது! வட்டத்துக்குள் இ என்ற எழுத்தும் எண்ணும் போட்டிருந்தால் அந்தச் சோதனையில் தேறியது.

இனி வீட்டு வேலை. இதை வீட்டிலேயே செய்யலாமா? செய்யலாம். ஸ்டெப்னி மாற்றத் தெரிந்தவர், பொறுமை உள்ளவர், ஒரு காலைப்பொழுது இருந்தால் செய்துவிடலாம். ஆனால் எங்கே செய்வது என்பது முக்கியம். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பின்தெரு வாசலில் வண்டி நின்ற கொட்டகைதான் தோதான இடம், சிமென்டுத் தரை, சமமாக இருக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த இடத்தில் ஜாக்கியை வைத்துவிடாதீர்கள்! கல் வெடித்தால் வீட்டுப் பெரியாச்சியும் வெடிப்பார். செம்மண் தரையும் ஆகாது, மழைக்குப் பிறகு ஜாக்கி சாய்ந்துவிடும்.

வரிசை இதுதான். வீல் நட்டைக் கார் தரையில் நிற்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் சுற்றும், காரும் ஆடும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஹேண்ட் பிரேக். பிறகு ஜாக்கி. தூக்கியதும் ஜாக்கி ஸ்டாண்டு வைத்து அதன் மேல் காரை உட்கார வையுங்கள். இதில் நான் கறார். காருடன் வரும் ஜாக்கி சக்கரம் மாற்ற மட்டுமே. அதை நம்பிக் காருக்குக் கீழே கையையோ தலையையோ நீட்டக் கூடாது. செங்கல் அடுக்குவதும் கூடாது, செங்கல் சொல்லாமல் உடையும்.

சக்கரத்தைக் கழற்றினால் டிஸ்க்கைக் கவ்விக்கொண்டு காலிப்பர் தெரியும். அதன் பின்னால் இரண்டு போல்ட். பல கார்களில் கீழ் போல்ட்டை மட்டும் கழற்றினால் காலிப்பர் கதவு மாதிரி மேலே திறந்துகொள்ளும். முழுதாகக் கழற்ற வேண்டி வந்தால் அதைத் தொங்கவிடாதீர்கள், பிரேக் ஹோஸ் உள்ளே கிழியும். ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள். பழைய பேட் இரண்டும் கையோடு வந்துவிடும். எந்தப் பேடில் சின்ன இரும்பு நாக்கு இருக்கிறது, அது உள்பக்கமா வெளிப்பக்கமா, மேலேயா கீழேயா என்று பார்த்து வையுங்கள். அந்த நாக்கு எதற்கு என்று தெரியுமா? பேட் தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வரும்போது அது டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சென்று கத்தும். மின்சாரம் இல்லை, சென்சார் இல்லை, வெறும் தகடு! புதிய பேடில் சரக்கு சுமார் பத்து மில்லிமீட்டர் இருக்கும். மூன்றுக்கு வந்தால் மாற்றுவது நல்லது.

ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் பிரித்துப்போட்டால், எது எப்படி இருந்தது என்று பார்க்க மாதிரி இருக்காது. அதோடு, யாராவது தெரியாமல் பெடலை மிதித்தால் பிஸ்டன் வெளியே குதித்துவிடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கார் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிஸ்டனை உள்ளே தள்ளுவது. புதிய பேட் தடிமன், இடம் வேண்டும். பழைய பேடைப் பிஸ்டன் முகத்தில் வைத்து, தச்சர்கள் வைத்திருக்கும் சி-கிளாம்ப்பால் மெல்ல இறுக்குங்கள். தள்ளும்போது பிரேக் ஆயில் மேலே டப்பாவுக்குத் திரும்பும். பேட் தேய்ந்து ஆயில் மட்டம் இறங்கியதைப் பார்த்து யாராவது முன்பே நிரப்பி வைத்திருந்தால், இப்போது பொங்கி வழியும். வழிந்தால் பெயின்டைத் தின்றுவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது, தெரியுமா? புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் ஏறினால் 140-லேயே கொதித்துவிடலாம். குழாய்க்குள் ஆவி, பெடலில் பஞ்சு! தொண்டி, தேவிபட்டினம் என்று கடற்கரையோரமே ஓட்டுகிறவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுவது உத்தமம்.

காலிப்பர் வழுக்கி நகரும் பின்களைத் துடைத்து, அதற்கென்றே விற்கும் சிலிக்கோன் கிரீஸை லேசாகத் தடவுங்கள். பேட் முகத்திலும் டிஸ்க்கிலும் கிரீஸ் ஒரு பொட்டுகூடப் படக் கூடாது. டிஸ்க் பளபளத்துக் கிடந்தால் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து விடலாம். உப்புத்தாள் என்றதும் ஞாபகம் வருகிறது: இந்தியாவின் பெரிய சாணைக்கல், உப்புத்தாள் நிறுவனங்களில் ஒன்றான கார்போரண்டம் யுனிவர்சலை 1954-ல் தொடங்கிய முருகப்பா குடும்பத்துக்குச் சொந்த ஊர் காரைக்குடிக்குப் பக்கத்துப் பள்ளத்தூர்! துணுக்கு எழுதியே தமிழ்நாட்டைக் கட்டிப்போட்ட கல்கண்டு இதழின் தமிழ்வாணன் தேவகோட்டைக்காரர். அவர் இருந்திருந்தால் இதற்குத் தனிப் பெட்டி கட்டியிருப்பார்.

தூசியை மட்டும் வாயால் ஊதாதீர்கள், காற்று பம்பும் வேண்டாம். பழைய நாளில் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் போட்டார்கள். நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும் நார். உங்கள் பேடில் அது இருக்கிறதா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஈரத் துணியால் துடைத்துத் துணியைக் கட்டிப் போட்டுவிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் போன இடத்துக்குச் செம்பு நார் வந்தது. அதையும் துரத்தியது யார் தெரியுமா? மீன்! பிரேக் தூசியில் இருந்த செம்பு மழையில் கரைந்து ஓடையில் சேர, சால்மன் மீன்களுக்கு மோப்ப சக்தியே மங்கியது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா 2010-ல் சட்டம் போட்டது: 2021-க்குள் செம்பு 5 சதவீதத்துக்குக் கீழ், 2025-க்குள் அரை சதவீதத்துக்குக் கீழ். ஒரு மீனுக்காகப் பேட் கம்பெனிகள் பல சமையல் குறிப்பை மாற்றி எழுதின.

எல்லாம் மாட்டி, சக்கரம் போட்டு, காரை இறக்கி, நட்டுகளை எதிரெதிராக இறுக்கியாயிற்று. இப்போது சாவியைத் திருப்பி ஓட்டிவிடலாமா? கூடாது, கூடாது! முதலில் உட்கார்ந்து பெடலைப் பலமுறை மிதியுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளினீர்களே, அது இன்னும் பேடைத் தொடவில்லை. முதல் மிதி நேரே தரைக்குப் போகும். பின்தெரு வாசலிலிருந்து இறங்கும்போது அந்த முதல் மிதி வந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் பிரேக். பெடல் கெட்டியாகும் வரை மிதித்து, ஆயில் மட்டத்தைப் பார்த்து, பிறகே கியர். எவ்வளவு மிதித்தும் பஞ்சாகவே இருந்தால் ஓட்டாதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

புதிய பேட் உடனே முழுப் பிடிப்புக்கு வராது. பேட் சரக்கு டிஸ்க்கின் மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிந்த பிறகே பிடிப்பு சீராகும். அதைப் படிய வைக்க ஒரு முறை உண்டு. விடிகாலையில் ஆளில்லாத நேர்ச்சாலை. தேவகோட்டை ரஸ்தா பக்கம் ஐந்தரை மணிக்குப் போனால் கிடைக்கும். ஐம்பது அறுபது வேகத்திலிருந்து மிதமாக மிதித்துப் பத்துக்குக் கொண்டுவந்து, முழுக்க நிறுத்தாமல் மறுபடி வேகமெடுக்க வேண்டும். எட்டுப் பத்து முறை போதும். பிறகு பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான பேடை அழுத்தியபடியே நிறுத்தி வைத்தால் அந்த இடத்தில் மட்டும் சரக்கு திட்டாக ஒட்டும், அப்புறம் ஒவ்வொரு மிதிக்கும் ஸ்டியரிங் நடுங்கும். தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நகரத்தார் காவடியும் பாதயாத்திரைக் கூட்டமும் சாலையை அடைத்துக்கொண்டு போகும் காலம் அது.

மழை பெய்த மறுநாள் டிஸ்க் ஆரஞ்சு நிறத்தில் துருவேறி நின்றால் பதறாதீர்கள். வார்ப்பிரும்பு ஓர் இரவில் அப்படித்தான் பூக்கும். இரண்டு மிதியில் பேடே துடைத்துவிடும். அந்தத் துருவையும் ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியிலேயே இருக்கிறது, தெரியுமா? சிக்ரி! அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கரும் பதினைந்து லட்ச ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். இந்தியாவில் எந்த ஊரில் இரும்பு எவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்கிறது என்று வரைபடமே போட்ட நிறுவனம். மண்டபத்தில் கடற்காற்றில் உலோகத் துண்டுகளை அடுக்கிவைத்துச் சோதிக்க அதற்குத் தனி இடமே உண்டு. அதே நிறுவனம் இன்று லித்தியம் பேட்டரி ஆராய்ச்சியும் செய்கிறது.

பேட்டரிக் காரில் இந்தத் துரு வேறு கதை. அதில் காலை எடுத்தாலே மோட்டார் எதிர்த்து இழுத்து வேகத்தைக் குறைத்து மின்சாரமாக்கிவிடும். பிரேக் பேடுக்கு வேலை குறைவு! அதிகம் தேயாது, ஆனால் டிஸ்க்கைத் துடைக்கவும் ஆளில்லை, துரு மேலே துருவாக ஏறும். அதனால் ஃபோக்ஸ்வேகன் தன் ஐடி.3, ஐடி.4 மின்சாரக் கார்களின் பின் சக்கரத்துக்குப் பழையபடி மூடிய டிரம் பிரேக்கையே பொருத்திவிட்டது, தெரியுமா? டிரம்மையும் வீட்டில் பிரிக்கலாமா என்று கேட்காதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகள் கண்ணைக் குறிவைத்துப் பறக்கும். அதற்கு மெக்கானிக்கே சரி.